டேட்டா புக்கில் இல்லாத வரி: மெக்கானிக்கல் முடித்துவிட்டுப் பொருளறிவியல் படிக்கப் பெங்களூரு வருபவர்களுக்கு

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு அது. மாலை ஷிப்டில் முறையாக முறுக்கி, முறுக்குவிசையை அளந்து, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போன போல்ட்டுகளில் நான்கின் தலைகள் காலையில் தரையில் கிடந்தன. இரவில் அந்த இயந்திரத்தை யாரும் ஓட்டவில்லை, தொடவும் இல்லை. கணக்கைத் திரும்பப் போட்டோம், சரியாக இருந்தது. மரையைப் பார்த்தோம், பழுதில்லை. "பத்து மில்லிமீட்டருக்குப் பதிலாகப் பன்னிரண்டு போட்டுவிடுங்கள்" என்பது மேலதிகாரியின் தீர்ப்பு. மெக்கானிக்கல் படித்தவர்களின் முதல் மருந்து எப்போதும் அதுதான்: கொஞ்சம் தடிமனாக்கு.

உடைந்த தலைகளைப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூரு பீன்யாவில் ஒரு சோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்த உலோகவியலாளர் தர்மபுரிக்காரர். என் கணக்குத் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, துத்தநாக முலாம் போட்ட கையோடு இதை அடுப்பில் வைத்தார்களா?" என்று கேட்டார். போல்ட்டை எதற்காக அடுப்பில் வைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அமிலத்தில் கழுவும்போதும் மின்முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்துவிடுகின்றன. சாதாரண எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும், 12.9 தரப் போல்ட் போன்ற மிக வலுவான எஃகு பொறுக்காது. இழுத்து முறுக்கி வைத்ததும் அந்த அணுக்கள் தகைவு மிகுந்த இடத்தை நோக்கி மெல்ல நகர்ந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்து விரிசலைத் திறக்கின்றன. முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்திருந்தால் அந்த ஆபத்து பெருமளவு நீங்கியிருக்கும். அந்தத் தரத்தின் இழுவலிமை 1,200 மெகாபாஸ்கல் என்று டேட்டா புக்கில், அதாவது பொருட்களின் பண்புகளைத் தொகுத்த கையேட்டில், ஒரு வரி உண்டு. ஹைட்ரஜனுக்கு வரி இல்லை. நாங்கள் தடிமனை ஏற்றியிருந்தால், அடுத்த வாரம் தடித்த தலைகள் தரையில் கிடந்திருக்கும்.

அந்த அடுப்புக் கேள்விதான் பிறகு என்னை மறுபடி மாணவனாக்கி, உலோகம் போன்ற பொருட்கள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயும் பொருளறிவியலைப் படிக்கப் பெங்களூருவில் உட்கார வைத்தது. அதே பாதையில் வர நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் உங்களையே சோதித்துப் பாருங்கள்

விண்ணப்பம், கட்டணம் எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு கேள்வி. சாதாரணக் கட்டுமான எஃகின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 200 கிகாபாஸ்கல். ராக்கெட்டின் உறைக்குப் பயன்படும் மாரேஜிங் எஃகுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் முதலாவது 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளைந்துவிடும். இரண்டாவது 1,500ஐத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். சூடாக்கிக் குளிர்விக்கும் வெப்பப் பதனம் வலிமையைப் பல மடங்கு மாற்றுகிறது, விறைப்பை மட்டும் ஏன் தொடவே மாட்டேன் என்கிறது?

நான்கு ஆண்டுகள் இந்த இரண்டு எண்களையும் தேர்வறையில் பக்கம் புரட்டிப் புரட்டி எழுதியிருப்பீர்கள். இந்தக் கேள்வி எழுந்திருக்கவே வாய்ப்பில்லை, எனக்கும் எழவில்லை. இப்போது படித்ததும் மண்டைக்குள் குடைகிறதா? வாருங்கள், இந்தப் படிப்பு உங்களுக்குத்தான். "சரி, அதனால் என்ன?" என்று தோன்றினால் வடிவமைப்பிலோ வெப்பப் பொறியியலிலோ முதுநிலை படியுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. மெக்கானிக்கலில் வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் இங்கே வராதீர்கள். அந்தக் காரணத்துக்கு இது மிகச் சுற்றுவழி.

விடையையும் சொல்லிவிடுகிறேன். விறைப்பு என்பது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பின் குணம். சிறிது கார்பனும் கொஞ்சம் சூடும் அதை அசைப்பதில்லை. வலிமையோ, படிக அடுக்கில் இருக்கும் வரிப்பிழைகள் எவ்வளவு சுலபமாக நகர்கின்றன என்பதைப் பொறுத்தது. அவற்றின் வழியில் தடைகளைப் போடுவதுதான் வெப்பப் பதனம். அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுக்கும் கொல்லர் செய்வதும் அதுவே. இந்த வரிப்பிழைகளைப் பற்றி டெய்லர், ஒரோவான், போலன்யி மூவரும் 1934இல் தனித்தனியாக எழுதினார்கள். அதற்கு முன்னும் அரிவாள் வெட்டத்தான் செய்தது.

கையில் இருப்பது, இல்லாதது

வகுப்பில் வேதியியல், இயற்பியல், உலோகவியல் படித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் மாதம் நீங்கள் மட்டும் வழி தவறி வந்தவர்போலத் தோன்றும். அது பாதிதான் உண்மை.

அணுக்களின் விரவலை எடுத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரத்தின் மேற்பரப்பில் கார்பனை ஏற்றும்போது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஃபிக் விதி. அதைப் பலகையில் எழுதியதும் மற்றவர்கள் மிரள்வார்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும். ஃபூரியே விதியில் வெப்பநிலை இருந்த இடத்தில் கார்பனின் செறிவு, அவ்வளவுதான். தடித்த சுவரின் ஒரு முகத்தைச் சூடாக்கினால் உள்ளே வெப்பம் எப்படிப் பரவும் என்று போட்ட அதே கணக்கு, அதே பிழைச்சார்பு அட்டவணை. தகைவு, திரிபு, விரிசல் முனை, உலோகச் சோர்வு ஆகியவற்றிலும் நீங்கள்தான் முன்னால் நிற்பீர்கள்.

தடுக்கி விழுமிடம் வெப்ப இயக்கவியல். நமக்குத் தெரிந்தது நீராவி அட்டவணையும் என்ஜின் சுழற்சியும். இங்கே கேட்பது, இரண்டு உலோகங்களைக் கலந்தால் அவை ஒன்றாக இருக்க விரும்புகின்றனவா, பிரிந்துபோக விரும்புகின்றனவா என்பது. கிப்ஸ் ஆற்றல் வளைகோடுகளுக்கு ஒரு பொதுத் தொடுகோடு வரைந்து, அதிலிருந்து கலவையின் நிலைமை வரைபடத்தை (எந்த வெப்பநிலையில் எந்த அமைப்பு நிலைக்கும் என்று காட்டுவது) உங்கள் கையாலேயே ஒருமுறை பெற்றுவிட வேண்டும். மூன்றாம் செமஸ்டரில் மனப்பாடம் செய்த இரும்பு-கார்பன் வரைபடமும், அதில் 727 டிகிரியில் போகும் கிடைக்கோடும் எங்கிருந்து வந்தன என்பது அன்றைக்குத்தான் தெரியும். இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். என்.பி.டெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் நிறுவனம்) பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் பணம்.

அடுத்தது படிக அமைப்பு. இதற்குப் புத்தகத்தைவிட கே.ஆர். மார்க்கெட் நல்லது. சாத்துக்குடி அடுக்கும் வியாபாரியைக் கவனியுங்கள். முதல் வரிசை, அதன் குழிகளில் இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசையை வைக்க இரண்டு வகைக் குழிகள் உண்டு. முதல் வரிசைக்கு நேர் மேலே வரும்படி வைத்தால் அது மக்னீசியத்தின் அடுக்கு. விலகிய குழியில் வைத்தால் அலுமினியம், தாமிரம். இந்த ஒரு தேர்வால்தான் அலுமினியத்தை மெல்லிய தாளாக உருட்டி இட்லிக்குச் சுற்றிக் கொடுக்க முடிகிறது. மக்னீசியத்தைச் சூடாக்காமல் உருட்டினால் விரிசல் விடுகிறது. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வழிகள் அதில் மிகக் குறைவு.

மின்னணுப் பண்புகள், குவாண்டம் எல்லாம் வரும். தேர்ச்சி பெறும் அளவுக்குப் படித்தால் போதும்.

கேட் தேர்வில் எந்தத் தாள்

முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு கேட். அதில் மெக்கானிக்கல் தாளையே எழுதலாம். பொருளறிவியல் துறைகள் சில அதை ஏற்கின்றன. உலோகவியல் தாள் உங்களுக்கு வேண்டாம். தாதுவிலிருந்து உலோகம் பிரிப்பது வரை அதில் இருக்கிறது. என் சிபாரிசு பொறியியல் அறிவியல் தாள், அதாவது எக்ஸ்.இ. அதில் பொது அறிவுத்திறனுக்கு 15 மதிப்பெண், கட்டாயக் கணிதத்துக்கு 15, நீங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு பிரிவுகளுக்குத் தலா 35. பொருளறிவியலையும் திண்ம இயக்கவியலையும் எடுத்தால் ஒன்று புதிதாகப் படித்தது, மற்றொன்று ஏற்கெனவே கையில் இருப்பது. இந்தத் தாளுக்குப் படிப்பதே சேர்ந்த பிறகு வரும் முதல் செமஸ்டருக்கான தயாரிப்பாகவும் ஆகிவிடும்.

தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். எந்தத் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள். அண்ணன் சொன்னான், அக்கா சொன்னாள் என்று போய் ஓராண்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கே சேர்வது

பெங்களூரு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஐ.ஐ.எஸ்சி. பழைய ஆட்டோக்காரரிடம் "டாடா இன்ஸ்டிட்யூட்" என்று சொல்லுங்கள், உடனே புரியும். 1909இல் தொடங்கிய நிறுவனம். அதன் உலோகவியல் துறை 1945இல் வந்தது. இன்று அது பொருள் பொறியியல் துறை. அதே வளாகத்தில் பொருளாய்வு மையம் என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது உலோகம், வலிமை, முறிவு என்று பொறியியல் பக்கம் சாய்ந்தது. இரண்டாவது இயற்பியல், வேதியியல் பக்கம் சாய்ந்தது. மெக்கானிக்கல்காரருக்கு எது இயல்பாகப் பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜக்கூரில் 1989இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு உயராய்வு மையமும் அடிப்படை அறிவியல் பக்கம்தான்.

எம்.டெக் ஒன்று, ஆய்வு எம்.டெக் வேறு, விண்ணப்பிக்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னதில் முதலாண்டு பெரும்பாலும் பாடம், இரண்டாமாண்டு பெரும்பாலும் ஆய்வுத்திட்டம். ஆய்வுப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு உண்டு. அங்கே எந்தப் பாடத்தில் கேள்வி கேட்கலாம் என்று அவர்கள் கேட்டால், புதிதாகப் படித்த பொருளறிவியலைச் சொல்லிப் பெருமை தேடாதீர்கள். பொருள் வலிமையியல், வெப்பப் பரிமாற்றம் என்று உங்கள் சொந்த நிலத்தில் நில்லுங்கள். ஓர் எளிய தாங்குகட்டையில் தொடங்கி, அது ஏன் உடைகிறது என்று உங்களை மெல்ல அவர்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர்மேல் கோபப்பட்ட பேராசிரியரை நான் பார்த்ததில்லை. அளந்து விட்டவர்மேல் கோபப்பட்டதைப் பார்த்திருக்கிறேன், அளந்தது நான்.

வீட்டை விட்டு வர முடியாதென்றால் சென்னை ஐ.ஐ.டி.யிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் நல்ல உலோகவியல் துறைகள் இருக்கின்றன.

பணம்: கேட் தகுதியுடன் எம்.டெக் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பல ஆண்டுகளாக அந்த எண் நகரவில்லை. வாடகை மட்டும் நகர்கிறது. விடுதி கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். வெளியே என்றால் மத்திகெரே, யஷ்வந்தபுரம் பக்கம் அறை தேடுவார்கள். அல்சூரில் தங்கினால் கடைத்தெருவில் தமிழ், ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம், திருவள்ளுவர் சிலை எல்லாம் உண்டு. தினமும் போய்வர வேண்டிய தூரத்தை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கன்னடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். உலைக்கூடத்தை உண்மையில் நடத்துபவர்கள் தொழில்நுட்பப் பணியாளர்கள். அவர்களிடம் இரண்டு வார்த்தை அவர்கள் மொழியில் பேசுபவருக்கு உலை காலியாகும் நேரம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எஃகுக்கு அவர்கள் சொல்லும் சொல் "உக்கு". நம் "உருக்கு"க்குப் பக்கத்து வீடு. ஐரோப்பியர்கள் வியந்த "வூட்ஸ்" எஃகின் பெயர் இங்கிருந்துதான் போனது என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. மைக்கேல் ஃபாரடேகூட அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஈரோட்டுக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் பழைய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. இந்தத் துறைக்கு வந்ததும் அந்த ஊரே எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது.

உப்புத்தாளும் பொறுமையும்

முதல் செமஸ்டரில் உங்கள் அகங்காரத்தைத் தேய்ப்பது எந்தப் பாடமும் அல்ல, மாதிரி தயாரிப்பு. மைக்ரோமீட்டர் பிடித்த கைக்கு இது எளிது என்று நினைத்துத்தான் போனேன்.

துண்டை வெட்டும்போதே குளிர்விக்கும் நீர் ஓட வேண்டும். வெட்டும் சூட்டிலேயே உள்ளமைப்பு மாறிவிடும். சிறிய துண்டென்றால் பேக்கலைட் என்ற பிளாஸ்டிக் தூளில் வைத்துச் சூட்டோடு அழுத்தி வில்லையாக்குவார்கள். பிறகு உப்புத்தாள்: சொரசொரப்பானதில் தொடங்கி நைஸ் வரை வரிசையாக. ஒரு தாளில் ஒரே திசையில் தேய்த்து, அடுத்த தாளுக்கு மாறும்போது மாதிரியை 90 டிகிரி திருப்ப வேண்டும். பழைய கீறல் ஒன்றுகூடத் தெரியாத வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் இடையே மாதிரியையும் கையையும் கழுவ வேண்டும். நான் மாதிரியை மட்டும் கழுவினேன். விரலில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சொரசொரப்புத் துகள், இரண்டு மணி நேர வேலையின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டது. கடைசியில் வைரப்பசை தடவிய துணிச் சக்கரம். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஆனதும் நுண்ணோக்கியில் வைத்தால் எதுவுமே தெரியாது, வெறும் வெள்ளை.

அதற்குத்தான் நைட்டால். எத்தனாலில் இரண்டு சதவீத அளவுக்கு நைட்ரிக் அமிலம். அமிலத்தைத்தான் ஆல்கஹாலில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வீரியமான கலவையை மூடி வைக்கவே கூடாது. மாதிரியைச் சில விநாடிகள் தொட்டு எடுத்ததும் பளபளப்பு மங்கும். இப்போது பாருங்கள்: எஃகுக்குள் இருக்கும் சிறு படிகங்களான ஃபெரைட் மணிகளும், கைரேகை வைத்ததுபோல் வரிவரியான பெர்லைட்டும். இரும்பு-கார்பன் வரைபடத்தில் ஓர் எழுத்தாக மட்டும் இருந்தது கண்ணெதிரே நிற்கும். நான் அன்று இரவுச் சாப்பாட்டைத் தவறவிட்டேன்.

டைட்டானியத்துக்குப் பயன்படும் சில அரிப்புக் கரைசல்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். அதைத் தனியாக, பயிற்சியில்லாமல், அவசரத்தில் தொடாதீர்கள். இதில் வேடிக்கைக்கு இடமே இல்லை.

ஆய்வுத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். புதுத் துறைக்கு வந்த வேகத்தில், வேதியியல் படித்தவரோடு போட்டியிட்டு நானோ துகள் தயாரிக்கப் போய்விடுகிறார்கள். இரண்டு ஆண்டில் அவர்கள் சுமாரான வேதியியலாளர் ஆகிறார்கள், மெக்கானிக்கலும் துருப்பிடித்துவிடுகிறது. இரண்டு பட்டங்களும் ஒரே கேள்வியில் முட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடுங்கள்.

விமான என்ஜினின் டர்பைன் தகடு அப்படி ஓர் இடம். அதன்மேல் மோதும் வாயுவின் வெப்பநிலை தகட்டு உலோகத்தின் உருகுநிலையைவிட அதிகம். தகட்டுக்குள் துளைகள் போட்டுக் காற்றை ஓட்டிக் குளிர்விப்பது மெக்கானிக்கல் வேலை. மேலே வெப்பத்தைத் தடுக்கும் சிர்க்கோனியாப் பூச்சு கொடுப்பதும், மணி எல்லைகளே இல்லாதபடி முழுத் தகட்டையும் ஒற்றைப் படிகமாக வார்ப்பதும் பொருளறிவியல். நெடுநேரச் சூட்டில் உலோகம் மெல்ல மெல்ல நீளுமே, அதற்கு மணி எல்லைகளே பெரும்பாலும் பலவீனமான இடம். துளை எங்கே வேண்டும் என்று முதலாமவர் சொல்ல, அங்கே விரிசல் தொடங்கும் என்று இரண்டாமவர் சொல்ல, கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். அந்த அறையில் இருவர் பேச்சும் புரிந்த ஒருவருக்கு எப்போதும் நாற்காலி உண்டு.

தேஜஸ் போர் விமானத்தின் உடலில் எடைக்கணக்கில் 45 சதவீதம் அளவுக்குக் கார்பன் இழைக் கலவைப் பொருட்கள். அங்கே இழையை எந்தத் திசையில் அடுக்குவது என்பதே வடிவமைப்பு. பொருளைச் செய்வதும் பாகத்தைச் செய்வதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் முறையும் அப்படித்தான்.

விரிசலைப் பற்றிய நவீன அறிவுக்கே அடிக்கல் நாட்டிய கிரிஃபித், இயந்திரப் பொறியியல் படித்து இங்கிலாந்தின் விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். கண்ணாடி ஏன் கணக்கு சொல்வதைவிட மிகக் குறைந்த விசையில் உடைகிறது என்று கேட்டு 1921இல் விடை எழுதினார். உங்கள் மேற்பார்வையாளர் "மெக்கானிக்கல்காரருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று எப்போதாவது கிண்டல் செய்தால் இந்தப் பெயரைச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

வேலை

தேசிய வான்வெளி ஆய்வகமான என்.ஏ.எல்., எரிவாயு டர்பைன் ஆய்வு நிறுவனம், எச்.ஏ.எல்., இஸ்ரோ, ஒயிட்ஃபீல்டில் 2000இல் தொடங்கிய ஜி.இ. ஆய்வு மையம், பீன்யாவின் வெப்பப் பதனக் கூடங்கள் என்று இந்த நகரில் கதவுகள் பல. ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் பொருளறிவியல் குழு சிறியது. நூறு வடிவமைப்பாளர்களுக்கு நான்கு பேர் என்ற கணக்கில்தான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் சிலர் மென்பொருளுக்குப் போனார்கள், நன்றாகவே இருக்கிறார்கள்.

ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பொதுத்துறை நிறுவனங்களின் அறிவிப்புகளில் பெரும்பாலும் தகுதியைத் தீர்மானிப்பது இளநிலைப் பட்டத்தின் பிரிவு. "உலோகவியல்" என்று விளம்பரமான பணிக்கு, முதுநிலையில் அதைப் படித்திருந்தும் உங்கள் பி.இ. மெக்கானிக்கல் என்பதால் தகுதி இல்லாமல் போகலாம். மெக்கானிக்கல் பணிக்கோ நீங்கள் எப்போதும் தகுதியானவர். கல்லூரி ஆசிரியர் பணியிலும் இரண்டு பட்டங்களின் பிரிவுகளையும் பார்ப்பார்கள். ஆகவே மெக்கானிக்கலை மறந்துவிடாதீர்கள். தன்விவரத்தில் அதை முதல் வரியிலேயே வையுங்கள்.

இன்னும் சேரவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பவர்களுக்கு இந்த வாரமே ஒரு வேலை. உங்கள் தொழிற்சாலையிலோ பக்கத்துப் பட்டறையிலோ உடைந்த தண்டு, பல்சக்கரம், போல்ட் எதுவாவது கிடைத்தால் எடுத்து வையுங்கள். இரண்டு துண்டையும் ஒட்டிப் பொருத்திப் பார்க்காதீர்கள். முறிந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசினால் அவற்றில் எழுதியிருப்பது அழிந்துவிடும். விரலால் தடவாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். ஈரமில்லாத உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனித்தனியாக வையுங்கள். எந்த எஃகு, எந்தச் சுமை, எத்தனை நாள் ஓடியது, முலாம் பூசியதா, பூசிய பிறகு அடுப்பில் வைத்தார்களா என்று ஒரு தாளில் எழுதி உறையோடு சேர்த்துவிட்டு, பிறகு வண்டி ஏறுங்கள்.